சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை: ஒரு நடைவழியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்பதும் கடலோரத்து ஊற்றேயன்றி மலையன்று. இமயத்துக் கயிலையோ இங்குள்ளார் பெரும்பாலும் நூல்வழியே அறிந்தது. எனினும் மலைநாடி நடக்கும் வழக்கம் இம்மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படுவோர் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், உகந்தை எனக் கீழ்க்கரை வழியே ஒன்றரை மாதமளவு நடந்து, ஆடிவேல் விழாவையொட்டிக் கதிர்காமம் அடைவர். சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என வழங்குவதும், ஈரிடத்தும் பூசகர் வாய்கட்டிப் பூசை செய்வதும் இத்தொடர்பைக் காட்டுவன.

இவ்வழியைக் காத்தது எது என்பதே ஆராயத்தக்கது. அரசர் அமைத்த சாலையோ தொடர்ச்சியான சத்திரங்களோ அன்று; இடைவழிக் கிராமங்களே. நடப்போர் கோயில் வீதியில் உறங்கினர். ஊரார் இட்டதை உண்டனர். ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைத்தமையால் ஊரும் குலமும் ஓரளவு பின்தள்ளப்பட்டன. முற்றாக மறைந்தன என்று கொள்வது மிகை. உகந்தைக்கு அப்பால் இவ்வுதவியும் இல்லை. குமண, யால காடுகளை நான்கைந்து நாளிற் கடத்தல் வேண்டும். கோடையில் நீர் அரிது; யானையும் கரடியும் சிறுத்தையும் உலவுமிடம். அரிசியும் நீரும் சுமந்து, கூட்டம் பிரியாது, குமுக்கனாற்றைக் கடந்து, முடிவில் மாணிக்க கங்கையில் நீராடுவர்.

அரசுகள் இவ்வழியை அச்சத்துடனேயே நோக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஆங்கிலேயர் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தினர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிப் பின் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், இவ்விழாவை மேற்பார்வை செய்தவர். 1913 இல் வெளிவந்த அவரது காட்டுக் கிராம நாவலிலும் யாத்திரை இடம்பெறுகின்றது. 1938 இல் யால தேசியப் பூங்காவாயிற்று. அதன்பின் காட்டுவழி வனவிலங்குத் துறையின் அனுமதிக்கு உட்பட்டது.

பேருந்து வந்தபின்னும் நடை நிற்கவில்லை என்பது நோக்கற்பாலது. கதிர்காமத்தை ஒரு நாளில் அடையக்கூடியவரும் நடந்தனர். எனவே வாகனமின்மை மட்டுமே நடைக்குக் காரணம் என்பார் கூற்றுப் பொருந்தாது. நடையை முறித்தது 1983 இன் வன்செயலும் தொடர்ந்த போருமாம். சோறிட்ட கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன. ஊர் இல்லாதபோது வழியும் இல்லாதாயிற்று. முன்னர் இவ்வழி நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முதலியோர் 1988 இல் யாத்திரைக்குப் புத்துயிர் அளிக்க முயன்றனர். ஆயினும் போர்க்காலத்திற் குடாநாட்டார்க்கு அவ்வழி பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2009 இற் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து வேலெடுத்து நடப்போர் மீண்டும் தோன்றினர். மீளக் குடியேறிய ஊரார், தம் கூரை செப்பமுறாத நிலையிலும், அவர்களுக்கு உலை வைத்தனர்.