பினே வகுத்த அளவுகோல்

பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறியப் பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே என்பார் சைமனுடன் கூடி, 1905-ல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1908-ல் அதை வயதுவாரியாகத் திருத்தினார்: ஒரு வயதுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் விடையளித்த வினாவே அவ்வயதுக்குரியது. ஆகவே, எப்பிள்ளைகளைச் சோதித்து அளவு கண்டனரோ, அவர்க்கே அது செவ்வனே பொருந்தும். இதனை உணர்ந்தே வி. வி. காமத், கன்னட, மராத்தியப் பிள்ளைகளைச் சோதித்துத் திருத்திய அளவுகோலை 1940-ல் நூலாக்கினார்.

எம் கெடாத் தோட்டப் பள்ளியிலோ, மின்தூக்கியின் படத்தைக் கண்டு விழித்த சிறுவன் ஒருவன் 'மந்தன்' எனப்பட்டான். தாயின் நிரையில் எத்தனை மரம், எத்தனை மங்கு என்று பிழையின்றிச் சொல்பவன் அவன்! அதனை வினாத்தாள் கேட்கவில்லை. நானுந்தான் அன்று கேட்கவில்லை.

பினேயோ, அறிவு பிறவியிலேயே அறுதியிடப்பட்டது என்போரை 1909-ல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்கான பயிற்சிகளையும் விளக்கினார்.