தட்டும் ஒளி

கான்கிரீட்டுக்குள் ஓடும் விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடும், காதுக்குத் தப்பாது. சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல, ஜப்பானியச் சுரங்கப்பாதைகளில் பணியாளர்கள் சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவு இருந்தால், மேலே நிற்கும் மெல்லிய ஏடு தனியாக அதிர்ந்து மந்தமான ஒலி எழுப்பும்.

1999 ஜூன் 27 அன்று, சான்யோ ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையின் ஃபுகுவோகா சுரங்கத்தில் சுமார் 200 கிலோ கான்கிரீட் பெயர்ந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலின் கூரையில் விழுந்தது. காரணம், கட்டுமானத் தொழிலில் கோல்டு ஜாயிண்ட் எனப்படும் குறை. முதலில் கொட்டிய கலவை இறுகத் தொடங்கிய பின் அடுத்ததைக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்காது. 1975இல் திறந்த பாதை. குறை கால் நூற்றாண்டு மறைந்தே கிடந்திருக்கிறது. அந்த விபத்துக்குப் பின் சுரங்கங்களைத் தட்டிப் பார்க்கும் வேலை பெருகியது. ஷின்கான்சென் ஓடாதது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மட்டுமே. அந்த நேரத்துக்குள் உயரத்தில் நின்று, தலைக்கு மேலுள்ள வளைவைக் கைவலிக்கத் தட்ட வேண்டும்.

இந்தத் தட்டலை ஒளியாலும் செய்யலாம். லேசர் துடிப்பு பட்டால் திடப்பொருளில் ஒலியலை எழும் என்பது 1963இலேயே தெரிந்த செய்தி. ஒசாகாவின் லேசர் தொழில்நுட்ப ஆய்வுக் கழகமும் மேற்கு ஜப்பான் ரயில்வேயும் அதைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தன. கருவியில் இரண்டு லேசர்கள். ஒன்று சுத்தியல்: அதன் துடிப்பு மேற்பரப்பை நொடியில் சூடாக்கி அதிரவைக்கும். மற்றொன்று காது: திரும்பி வரும் ஒளியைத் தன் மூல ஒளியோடு சேர்த்து, குறுக்கீட்டின் வழியே அதிர்வை அளக்கும். தொல்லை கொடுத்தது இந்தக் காதுதான். கண்ணாடியில் பட்ட ஒளி ஒழுங்காகத் திரும்பும். சொரசொரப்பான, புகைபடிந்த கான்கிரீட்டில் பட்டது சிதறி, அலைமுகம் குலைந்து வரும். ஒளி பட்டால் தன் ஒளிவிலகல் மாறும் படிகம் ஒன்றில் ஹோலோகிராம் பதித்து இதைச் சமாளித்தார்கள். தொடக்கக் கருவிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் வினாடிக்கணக்கில் எடுத்துக்கொண்டன. அந்த வேகத்தில் சுத்தியலே மேல்.

2012 டிசம்பர் 2 அன்று சசாகோ நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் கூரைப் பலகைகள் சரிந்து 9 பேர் இறந்தனர். அங்கே விட்டுப்போனது பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளின் பிடிப்பு. கான்கிரீட் விரிசலுக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு குறைவு. ஆனாலும் லேசர் ஆய்வுக்கு அரசின் பணமும் அவசரமும் வந்தது அந்த விபத்தால்தான். பாலங்களையும் சுரங்கங்களையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை அருகில் சென்று பார்ப்பது 2014இல் கட்டாயமானது. அரசு ஆய்வுத் திட்டத்தின் கீழ் லேசர் தட்டலின் வேகமும் கூடி, சில மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியிலிருந்தே நொடிக்குப் பல புள்ளிகளைத் தொட முடிந்தது. தளர்ந்த துண்டைப் பெயர்த்துத் தள்ளுவது மட்டும் இன்னும் சுத்தியலின் வேலை.