பொருளைக் கடந்த எழுத்து: கே.சி.எஸ்.பணிக்கரும் ஹன்னெ டார்போவனும்

முன்னுரை

எழுத்துகள் இணைந்து சொல்லாகும். சொல் பொருளை உணர்த்தும். இலக்கண மரபு காட்டும் நெறி இதுவே. எழுத்து பொருளை உணர்த்தாமல் எழுத்தாகவே நிற்க இயலுமா என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைஞர் சிலர் எழுப்பினர். கோயம்புத்தூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த கே.சி.எஸ்.பணிக்கரும் (1911-1977) செருமானியக் கருத்துநிலைக் கலைஞர் ஹன்னெ டார்போவனும் (1941-2009) அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். பணிக்கரின் படைப்புகளுக்கெனத் தனிக் காட்சிக்கூடம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அமைந்துள்ளது. அதே நகரின் சாலைப் பகுதி, எழுத்துக்கும் பொருளுக்கும் இடையிலான பழைய வழக்கொன்றோடு தொடர்புடையது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலையும் ஒரு சொல்லும்

சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசால் உருப்பெற்றது. தமிழ் வணிகர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம் இது. இதனை அடுத்துள்ள வலியசாலையைப் பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடமாக ஆய்வாளர் சிலர் கொள்வர். கி.பி. 866ஆம் ஆண்டைச் சார்ந்த பார்த்திவசேகரபுரச் செப்பேடு, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு அமைக்கப்பட்ட சாலையைக் குறிப்பிடுகிறது. முதலாம் இராசராசனின் (985-1014) மெய்க்கீர்த்தி, காந்தளூர்ச் சாலையில் அவன் கலம் அறுத்த செய்தியைக் கூறுகிறது. 'கலம்' என்பது மரக்கலமா, உண்கலமா என்னும் வினா அறிஞரிடையே நீண்ட விவாதத்திற்கு இடமளித்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை குறித்துத் தனிநூலே எழுதினார். கல்லிலுள்ள எழுத்துகளைப் படிப்பதில் ஐயம் எழவில்லை. வழக்கு முழுவதும் பொருள் பற்றியதே. எழுத்துத் தெளிவாக நிற்க, பொருள் விலகி நிற்கும் நிலை தமிழாய்வுக்குப் புதிதன்று என்பதை இது காட்டும்.

பணிக்கரின் எழுத்தோவியங்கள்

பணிக்கர் சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்திரியிடம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராகப் பணியாற்றினார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் தோற்றுவித்தார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். ஐரோப்பியப் பாணியைப் பின்பற்றாமல் இந்திய ஓவியம் தனக்கென ஒரு மொழியை எங்கிருந்து பெறும் என்பதே அவர் தலைமுறையின் தலையாய சிக்கலாக இருந்தது.

1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை இதற்கு விடையாக அமைந்தது. மாணவர் ஒருவரின் கணிதக் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் கோடுகளும் பரந்திருந்த தோற்றம் இவ்வரிசைக்குத் தூண்டுதலானது என்பர். தொடக்கத்தில் கணிதக் குறியீடுகளையும் உரோமன் எழுத்துகளையும் கையாண்ட அவர், பின்னர் மலையாள எழுத்துகளையும் சாதகக் கட்டங்களையும் அமைத்தார். நெருங்கிய வரிகளாக ஓடும் அவ்வெழுத்துகள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஏட்டுச்சுவடியின் தோற்றம் உண்டு, செய்தி இல்லை.

டார்போவனின் நாட்கணக்கு

டார்போவன் போர்க்காலத்தில் மியூனிக் நகரில் பிறந்து, ஹாம்பர்க் நகரின் தென்புறத்தில் காப்பி வணிகக் குடும்பமொன்றில் வளர்ந்தார். ஹாம்பர்க் கலைக்கல்லூரியில் பயின்றபின் 1966 முதல் 1968 வரை நியூயார்க்கில் தங்கி, சால் லெவிட் முதலிய கலைஞர்களோடு பழகினார். கட்டத்தாளில் எண்களை வரிசைப்படுத்திய அவர், பின்னர் நாட்காட்டியையே தம் மூலமாகக் கொண்டார்.

அவர் முறை எளியது. நாளையும் மாதத்தையும் முழு எண்களாகவும் ஆண்டின் இறுதி இரு இலக்கங்களைத் தனித்தனியாகவும் கூட்டுவார். ஒரு நூற்றாண்டின் முதல் நாளுக்கு 1+1+0+0=2; இறுதி நாளுக்கு 31+12+9+9=61. இவ்வாறு நூறாண்டுகளும் அறுபது கூட்டுத்தொகைகளுள் அடங்குகின்றன. பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை; எனினும் காலத்தை அறுபதுள் அடக்கிப் பழகிய தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். சாலை வணிகரின் நாள்வழிக் கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் வரவுசெலவு இருக்கும். டார்போவனின் கணக்கிலோ நாள் மட்டுமே உண்டு. 'இன்று' என்னும் பொருளுடைய செருமானியச் சொல்லை எழுதி, அதனைக் கோடிட்டு அடிப்பதும் அவர் வழக்கம்.

1980-83இல் உருவான 'பண்பாட்டு வரலாறு 1880-1983' 1,590 தாள்களும் 19 பொருள்களும் கொண்டது. அஞ்சலட்டைகள், இதழ் அட்டைகள், திரைக்கலைஞர் படங்கள் ஆகியன இதில் நிரல்பட அமைந்துள்ளன. 1982இல் வெனிஸ் கலைவிழாவில் மேற்கு செருமனியின் சார்பில் பங்கேற்ற கலைஞருள் அவரும் ஒருவர்.

ஒப்புமையும் வேற்றுமையும்

இருவரும் எழுத்திலிருந்து பொருளை நீக்கினர். நீக்கியதன் காரணம் வேறு. பணிக்கருக்கு எழுத்து மரபின் சுவடு. படிக்கப்படாதபோதும் அது சுவடியையும் சாதகத்தையும் கோயிற்சுவரையும் நினைவூட்டும். மலையாளம் அறிந்தவர் அவற்றைப் படிக்க முயன்று தடுமாறுவர். அறியாதவர் வடிவத்தை மட்டும் காண்பர். கிரந்தமும் வட்டெழுத்தும் பயின்ற தமிழாய்வாளர் இருநிலைக்கும் இடையில் நிற்பர்.

டார்போவனின் எண்ணுக்கு அத்தகைய நினைவுச்சுமை இல்லை. மரபு கொடுங்கோன்மைக்குத் துணைபோன நாட்டில் எண்ணின் நடுநிலையை நாடியது இயல்பே. ஆயினும் நாசி ஆட்சியின் ஆண்டுகளையும் பிற ஆண்டுகளையும் ஒரே முறையில் கணக்கிடுவது குற்றத்தை மறைக்காதா என்னும் தடை எழும். ஒவ்வொரு நாளையும் விடாது கையால் எழுதிச் சென்ற உழைப்பே அதற்கு விடையாகும். எந்த நாளும் விடுபடாத கணக்கில் மறதிக்கு இடமில்லை.

முடிவுரை

திருக்குறளின் கல்வி அதிகாரம் எண்ணையும் எழுத்தையும் இணைத்தே போற்றுகிறது. க, உ முதலிய எழுத்து வடிவங்களையே எண்களாகவும் வழங்கிய மரபு தமிழுடையது. பணிக்கரும் டார்போவனும் அவ்விரண்டையும் பொருளுக்கு முந்திய நிலையில் நிறுத்திக் காட்டினர். காந்தளூர்ச் சாலைக் 'கலம்' போலப் பொருள் முடிவுபெறாத சொற்களை ஆராய்வோர், முதலில் எழுத்தின் முன் பொறுமையுடன் நிற்க வேண்டியுள்ளது. அப்பொறுமைக்கு இவ்விரு கலைஞரின் படைப்புகளும் பயிற்சிக்களமாகும். தொல்லெழுத்தியலும் ஓவிய ஆய்வும் இணைந்து வளர்தற்கு உரிய இடமும் இதுவே எனலாம்.