ஹெல்ட், பெர்னார்டுஸ் ஹெர்மானுஸ் (1841–1914)

நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தொழிலாளி. ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், மேசை, நாற்காலி, அலமாரி செய்யும் தச்சர். தாராளவாதிகளின் பக்கம் நின்று 1885 முதல் 1901 வரை உறுப்பினராக இருந்தார்.

அரசியலுக்கு அவர் வந்தது சங்கத்தின் வழியாக. 1871இல், பாரிஸ் கம்யூன் எழுந்து ஒடுக்கப்பட்ட அதே ஆண்டில், நெதர்லாந்துப் பொதுத் தொழிலாளர் சங்கம் உருவானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான முதல் அகிலத்தின் புரட்சிப் பேச்சு பிடிக்காத கைவினைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுகூடுவதைக் குற்றமாக்கிய சட்டம் நீக்கப்பட்டதே 1872இல்தான். ஹெல்ட் அச்சங்கத்தின் தலைவராகி, பேச்சுவார்த்தை, கல்வி, கூட்டுறவு, வாக்குரிமை என்ற நிதானமான பாதையில் அதை நடத்தினார். வேலைநிறுத்தத்தைக் கடைசி ஆயுதமாகவே கருதினார்.

நிதானத்துக்கு விலை உண்டு. சங்கம் மதச்சார்பற்ற அரசுப் பள்ளிகளை ஆதரித்ததைப் பொறுக்காத கொத்தனார் கிளாஸ் காட்டர் வெளியேறினார்; சில ஆண்டுகளில் 'பாட்ரிமோனியம்' என்ற புராட்டஸ்டன்ட் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. மறுபுறம், இளைய தொழிலாளர்கள் சோசலிசத்தின் பக்கம் சாய்ந்தனர். முதலாளிகளுக்கு அவர் கலகக்காரர். சோசலிஸ்டுகளுக்கோ முதலாளிகளின் ஆள்.

1885இல் பிரீஸ்லாந்து மாகாணத்தின் ஸ்நேக் தொகுதியில் அவர் வென்றார். அன்று குறிப்பிட்ட அளவு நேரடி வரி கட்டிய ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. அதாவது நாட்டின் முதல் தொழிலாளி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்களில் தொழிலாளர் அநேகமாக இல்லை. வசதியுள்ள தாராளவாதிகளே அவரை நாடாளுமன்றம் கூடும் ஹேக் நகருக்கு அனுப்பினர். அங்கே அவர் தங்கிப் பணியாற்ற முடிந்ததற்கு 1848 அரசியலமைப்பு வகுத்த ஆண்டுக்கு 2,000 கில்டர் ஈட்டுத்தொகையும் ஒரு காரணம். சொத்துள்ள வழக்கறிஞருக்கு அது கைச்செலவு; பட்டறைக்காரருக்கு ஜீவனம்.

மூன்றே ஆண்டுகளில் அவருடைய புகழ் மங்கியது. 1888இல் அதே மாகாணத்தின் ஸ்ஹோட்டர்லாந்து தொகுதி, முன்னாள் லூத்தரன் போதகர் டோமெலா நியூவென்ஹெய்ஸை முதல் சோசலிஸ்டாக அவைக்கு அனுப்பியது. மக்கள் நினைவில் நின்றவர் அவர்தான். ஆனால் அவர் 1891இல் தோற்று, நாடாளுமன்றத்தையே வெறுத்து ஒதுங்கினார்; ஹெல்ட் இன்னும் பத்தாண்டுகள் இருந்தார். பெண்கள், சிறுவர்களின் வேலைநேரத்துக்கு வரம்பிட்ட 1889 சட்டமும் விபத்துக் காப்பீடு, வீட்டுவசதி பற்றிய 1901 சட்டங்களும் அவர் அவையில் இருந்த காலத்தவை. கட்டாயக் கல்விச் சட்டம் 1900இல் 50க்கு 49 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து வரமுடியாமல் போனார். இவற்றை ஹெல்ட்டின் தனிச் சாதனைகள் என்பது மிகை. எனினும் தொழிலாளர் வாழ்வைப் பட்டறையில் பட்டறிந்த ஒரு குரல் அந்த விவாதங்களில் இருந்ததை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அவர் 1914இல் இறந்தார். நெதர்லாந்தில் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை 1917இலும் பெண்களுக்கு 1919இலும் கிடைத்தது.