குறையுடைய வீரர் குடும்பம்: மட்டக்களப்புக் களரியும் தொலைக்காட்சித் தொடரும்

வீரர் கதைகள் வீரத்தின் சிறப்பினாலேயே நிலைபெறுகின்றன என்பது பொதுவான எண்ணம். மானிட ஆற்றலை மிஞ்சிய ஒருவனைக் கண்டு வியக்கும் இயல்பு எல்லா நாட்டு மக்களிடமும் உண்டு. ஆயினும் வியப்பு நெடுநேரம் நிற்பதில்லை. வில்லை வளைத்தவன் மறுமுறையும் வளைத்தால் அவையோர் கொட்டாவி விடத் தொடங்குவர். இரவு முழுவதும் ஒரு கூட்டத்தை இருத்தி வைப்பதற்கு, அல்லது வாரந்தோறும் ஓர் இல்லத்தாரைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்துவதற்கு, வேறொன்று வேண்டும். அது யாது என்னும் வினாவுக்கு மட்டக்களப்பின் கூத்து மரபு தெளிவான விடையொன்றைத் தருகின்றது.

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கரடியனாறு அமைந்துள்ளது. நெல்வயலும் காடும் சூழ்ந்த இப்பகுதியை உள்ளிட்ட படுவான்கரைக் கிராமங்களில் வேளாண்மை வெட்டி முடிந்தபின் வரும் ஓய்வுக் காலமே கூத்துக் காலமாகும். அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து சட்டங்கொடுப்பார். மாதக்கணக்கிற் பழக்கம் நடைபெறும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்து வட்டக்களரியில் அரங்கேற்றம் நிகழும். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்த அரசர் ஒருவர்பின் ஒருவராகக் கொலுவுக்கு வருவர். விடியும்போது வாழி பாடி முடிப்பர். வடமோடி, தென்மோடி என்னும் இரு பிரிவுகளுள் வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்க் கதைகளைத் தழுவியது. அவற்றுள்ளும் பாரதக் கதைக்கே முதலிடம் உண்டு.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. போர்க்கூத்து எனப் பெயர்பெற்ற இவற்றிற் போர் நிகழும் நேரம் குறைவு. தர்க்கம் நிகழும் நேரமே பெரிது. போருக்குப் புறப்படும் கணவனை மனைவி தடுத்துப் பாடுவாள். அவன் மறுத்துப் பாடுவான். தாய் மகனிடம் இரப்பாள். தம்பி அண்ணனைக் கடிந்துரைப்பான். அம்பு விடுதல் சில ஆட்டங்களில் முடிந்துவிட, அம்பு விடும் முன் வீட்டு வாசலில் நிகழும் வழக்கோ நாழிகைக் கணக்கில் நீளும். களரியைச் சூழ்ந்து பாயில் அமர்ந்திருப்போர், உறங்கும் குழந்தையை மடியிற் கிடத்தியவாறு, கேட்கக் காத்திருப்பது இந்த வழக்கையே.

பாண்டவர் குடும்பம் குறையற்ற குடும்பமன்று. அறத்தின் மகனான தருமன் சூதாட்டத்தில் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் தோற்று, மனைவியையும் பந்தயமாக வைக்கின்றான். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பந்தயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதை கேட்கும் வினாவுக்கு அவையிலிருந்த முதியோர் எவரும் நேர் விடை கூறவில்லை. துரோணரை வீழ்த்தியது வீமனின் கதாயுதமோ அருச்சுனனின் வில்லோ அன்று. தருமன் வாயிலிருந்து வந்த பாதிப் பொய்யாகும். யாவற்றுக்கும் மேலாக, குந்தி தன் முதல் மகனை ஆற்றில் விட்டு, அவன் யார் என்பதைப் போர் நெருங்கும் வரை மறைத்து வைக்கின்றாள். பதினெட்டு நாட் போருக்குப் பின்னரும் இவற்றுள் ஒன்றேனும் தீர்ந்ததாகக் கூறவியலாது.

இக்குறைகளைத் தமிழ் மக்கள் மரபு மூடி மறைக்கவில்லை. மாறாக, மேலும் கூட்டியது. வியாசர் பாரதத்திற் குந்தி கர்ணனைக் காணுங்கால், அருச்சுனன் தவிர்ந்த நால்வரையும் கொல்வதில்லை என்று அவன் உறுதி கூறுகின்றான். தமிழில் வில்லிபுத்தூரார் இக்காட்சியை வேறுவிதமாக விரித்தார். நாகக்கணையை மறுமுறை தொடுக்காதிருக்கும் வரத்தைத் தாய் கேட்கின்றாள். தான் வீழும்போது தன்னை மடியிற் கிடத்திப் பாலூட்டி மகனென்று உலகறியச் சொல்லவேண்டும் என மகன் கேட்கின்றான். மகனிடம் வரம் வாங்கவந்த தாய் அவனது உயிரையே வாங்கிச் செல்கின்றாள். நாட்டார் மரபு இதற்கும் அப்பாற் சென்று கர்ணனின் மனைவியைப் பொன்னுருவி எனப் பெயரிட்டு, குலம் தெரியாதவன் என்று கணவனை இகழ்பவளாகப் படைத்தது. தேரோட்டியின் மகன் என்ற பழிச்சொல்லை அவன் அரசவையில் மட்டுமன்றி வீட்டிலும் கேட்கவேண்டியதாயிற்று. அருச்சுனனுக்கோ அல்லியும் பவளக்கொடியும் வந்து சேர்ந்தனர். வில்லுக்கு அஞ்சாதவன் மனைவியரின் கோபத்துக்கு அஞ்சிப் பல வேடம் பூணும் கதைகள் பாமரர் பெரிதும் விரும்பிப் படித்த அம்மானைகளாயின. மக்கள் மரபு பாண்டவருக்குப் புதிதாகச் சேர்த்தவற்றுட் படைக்கலங்களைவிட வீட்டுச் சண்டைகளே அதிகம் என்பது இக்கட்டுரைப் பொருளுக்கு முக்கியமான சான்றாகும்.

மட்டக்களப்புச் சமுதாய அமைப்பும் இத்தகைய கதைகளை ஆழமாக உணர்வதற்கு இடமளித்தது. குடி என்பது இங்குத் தாய்வழியாக வருவது. ஒரே குடியிற் கொள்வினை கொடுப்பினை இல்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். இத்தகைய அமைப்பில் தாய்மாமனுக்குரிய மதிப்புப் பெரிது. அவன் சொல்லைத் தட்டுதல் எளிதன்று. எனவே சகுனி களரிக்கு வரும்போது அவன் அயல்நாட்டுச் சூழ்ச்சிக்காரனாக மட்டும் தோன்றுவதில்லை. நம்பவேண்டிய மாமன் கெடுக்கின்றான் என்னும் அச்சம் அங்கே எழுகின்றது. கண்ணன் அருச்சுனனுக்கு மச்சான். குந்தி கண்ணனுக்கு மாமி. தேர்த்தட்டில் இருவரும் பேசுவது மச்சான்மாரின் பேச்சாகவே கேட்போருக்குப் படும். உறவுமுறை தெரிந்த அவைக்கு இவ்வீரரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை எழவில்லை.

பாரதக் குடும்பத்தை வழிபாடாக்கிய கோயில்களும் இப்பிரதேசத்தில் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் விழா பதினெட்டு நாட்கள் நடைபெறும். பாண்டவர் வேடந்தாங்குவோர் வனவாசம் செல்வதும், அருச்சுனன் தவநிலையும், இறுதியில் தீமிதிப்பும் அதன் கூறுகள். அவமானப்படுத்தப்பட்ட ஒரு மனைவியே இங்குத் தெய்வம் என்பது மறக்கற்பாலதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு இன்னொரு சான்று. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வடசேரி கோவலன் பக்கமாகவும் தென்சேரி கண்ணகி பக்கமாகவும் நின்று, பிணைத்த கொம்புகளை வடமிட்டு இழுக்கும். பூப்பறிக்கும்போது கணவன் மனைவியரின் கொக்கைத் தடிகள் சிக்கிக்கொண்டன என்பது இதற்குக் கூறப்படும் காரணக் கதைகளுள் ஒன்று. ஓர் இல்லறப் பிணக்கிற்காக ஊரே பக்கம் பிரிந்து நின்று வசை பாடும் வேறொரு விழாவைக் காண்டல் அரிது.

இம்மரபு பல்கலைக்கழகத்தை அடைந்தது 1960களிலாகும். பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடியும்வரை நிகழ்வது சிறு பொழுதிற்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி ஒருபக்க மேடையாயிற்று. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற சிக்கல் அப்போது எழுந்தது. 1962இல் முதலில் மேடையேறியது கர்ணன் போர் என்பதும், 1964இல் வந்தது இராவணேசன் என்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டிலும் நாயகன் தோற்பவன். இரண்டிலும் அவனைத் தோற்கடிப்பது பகைவன் மட்டுமன்று. மௌனகுரு எழுதி ஆடிய இராவணேசனிற் காணப்படுவது பத்துத் தலை அரக்கனன்று. ஒரு தம்பி பிரிந்து போக, மறு தம்பி தவறென்று தெரிந்தும் உடன் நின்று மடிய, மகனை இழந்தும் மனைவியின் சொல்லைக் கேளாத ஒரு குடும்பத் தலைவன். தமிழகத்திற் சிவாஜி கணேசன் நடித்த கர்ணன் திரைப்படம் வெளிவந்ததும் அதே 1964ஆம் ஆண்டிலேயே.

கூத்து வடிவத்தைச் சமூகப் போராட்டத்திற்குப் பயன்படுத்திய சங்காரம் 1969இல் வந்தது. தொழிலாளர் எழுச்சியை வடமோடி ஆட்டத்திற் கூறிய அம்முயற்சியின் துணிவு பாராட்டத்தக்கது. எனினும் அதன் பாத்திரங்கள் கருத்துக்களின் உருவங்களேயன்றி ஒருவருக்கொருவர் உறவினரல்லர். ஒரு கருத்து இன்னொரு கருத்தை வெல்வதைக் கண்டு கைதட்டலாம், அழுதல் இயலாது.

இந்நோக்கிலிருந்து தொலைக்காட்சியை அணுகுதல் வேண்டும். 1988 ஒக்ரோபர் முதல் 1990 வரை இந்தியத் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் 94 பகுதிகள் கொண்டது. உருதுக் கவிஞர் ராஹி மாசூம் ரஸா அதன் உரையாடலை எழுதினார். அத்தொடர் போரிலிருந்தோ பாண்டவர் பிறப்பிலிருந்தோ தொடங்கவில்லை. தன் புதல்வர் தகுதியற்றவர் எனக் கண்டு வேறொருவனை வாரிசாக்கும் பரத மன்னனிடமிருந்து தொடங்குகின்றது. அதன்பின் சந்தனுவின் ஆசை, வீடுமனின் சபதம் என முன்னோர் பிழைகளுக்கே பல வாரங்கள் செல்கின்றன. அம்புகள் வானில் மோதும் காட்சிகள் இன்று சிரிப்பூட்டலாம். அவற்றின் தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது. திரௌபதை அவையில் நின்று கேட்கும் காட்சிக்கு அந்நிலை ஏற்படவில்லை.

மேலைநாட்டு வீரர் கதைகள் இவ்வழிக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தன. 1938இல் தோன்றிய சுப்பர்மான் அழிந்துபோன கிரகமொன்றின் தனிப்பிள்ளை. மறு ஆண்டில் வந்த பற்மான் பெற்றோரை இழந்தவன். சண்டையிட உடன்பிறந்தார் எவருமில்லை. 1961இல் ஸ்ரான் லீயும் ஜாக் கேர்பியும் படைத்த பன்ரஸ்ரிக் போர் என்னும் சித்திரக்கதையிலேயே வீரர் நால்வர் ஒரு குடும்பமாகி, பகைவனோடு பொருதும் நேரம் போக எஞ்சிய நேரத்தில் தமக்குள் ஏசிக்கொண்டனர். 2019 முதல் 2024 வரை நெற்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அம்பிரெல்லா அக்கடமி என்னும் தொடர் இதன் முதிர்ந்த நிலை. செல்வந்தர் ஒருவர் எழுவரைத் தத்தெடுக்கின்றார்; பிள்ளைகளுக்குப் பெயரிடாது இலக்கமிட்டு வளர்க்கின்றார். வளர்ந்து சிதறியவர்கள் தந்தை இறந்த செய்தி கேட்டு வீடு திரும்பும்போது கதை தொடங்குகின்றது. ஒருவர் காலத்தைக் கடந்து செல்லவல்லவர். ஒருவர் இறந்தோருடன் பேசவல்லவர். ஆயினும் ஒரு மேசையைச் சுற்றி அமைதியாக அமர அவர்களால் இயலவில்லை.

அவ்வெழுவருள் ஒருவர் ஆற்றலற்றவர் எனக் கூறப்பட்டு, மருந்தினால் ஆற்றல் அடக்கப்பட்டு, உடன்பிறந்தாரின் பயிற்சிகளுக்கு வெளியே நிறுத்தி வளர்க்கப்பட்டவர். உண்மையில் அனைவரிலும் வலியவர் அவரே. உலகின் அழிவு அவர்வழியே வருகின்றது. கர்ணன் கதையை அறிந்தோர்க்கு இது புதியதன்று. குடும்பம் தன் பட்டியலிலிருந்து ஒருவரை அழித்துவிட்டால் அவர் மறைந்துபோவதில்லை. எதிரணியில் நின்று திரும்பி வருவார். ஆக்கியோர் பாரதத்தைப் படித்தனரா என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. நெடுங்கதை எங்குப் பிறந்தாலும் இதே கதவைத் தட்டுகின்றது. வலிமை தீர்த்துவைக்கக்கூடிய சிக்கல் ஒரே இரவில் தீர்ந்துவிடும். அதன்பின் கதை இல்லை. வலிமை தீர்க்கமாட்டாத சிக்கலே அடுத்த நாளைக்குக் கதையை எடுத்துச் செல்கின்றது. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் சினமும், பெற்றவளின் குற்ற உணர்வும், மூத்தவனின் பிழைக்கு இளையோர் செலுத்தும் விலையும் எந்த அம்பினாலும் துளைக்கப்படாதவை. தொடர் என்னும் வடிவத்துக்கு இவையே உணவு.

இவை யாவும் கற்பனையின் இன்பம் மட்டுமே என்று கூறிவிட முடியாத வரலாறு கரடியனாறு சார்ந்த நிலத்துக்கு உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பெரும்பகுதியை இந்தப் படுவான்கரை தாங்கியது. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் வெருகலாற்றங்கரையில் ஒரே இயக்கத்தின் வடக்கு, கிழக்கு அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. பிள்ளைகளை ஒரு பக்கத்துக்கென்று அனுப்பிய தாய்மார், அப்பக்கம் இரண்டானதைக் கேட்டு நின்றனர். அத்தகையோர்க்குப் பதினேழாம் நாட் போர் பழங்கதையன்று. இரு பக்கமும் பிள்ளையுடையவள் எந்தப் பக்கம் வெல்ல வேண்டுவாள் என்ற குந்தியின் நிலைக்கு அவர்களிடம் விளக்கவுரை தேவைப்படாது. தொலைக்காட்சி இக்கதைகளைப் புதுப்பிக்கும்போதெல்லாம், 2013இல் தொடங்கிய ஸ்ரார் பிளஸ் மகாபாரதம் விஜய் தொலைக்காட்சியிற் தமிழ்க்குரலுடன் வந்தபோதும், உடல் கட்டமைப்பும் அணிகலனும் பொலிவுபெற்றன. குந்தியின் வாய் மட்டும் பொலிவுபெற வேண்டியிருக்கவில்லை; அது பேசத் தயங்கினாற் போதுமானதாயிருந்தது.

அரங்கேற்றத்தின் பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் ஒன்றுண்டு. முதல்நாள் விடியற்காலையில் வீழ்ந்த கர்ணன் மறுநாள் அதே கிரீடத்துடன், தன்னை வீழ்த்திய அருச்சுனனுக்குப் பக்கத்தில், வயல்வரம்பு வழியே நடந்து வருவான். அவ்விருவரும் வேடங்களைந்தபின் மச்சான்மாராக இருப்பதும் உண்டு. வாசலிற் காத்திருக்கும் முதிய பெண்கள் அன்பளிப்பை முதலிற் கர்ணனிடமே நீட்டுவர்.