யார் கையெழுத்திட வேண்டும்? இந்தியாவில் மருத்துவ உயில் வந்த வழி

சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் கட்னர் 1969இல் இந்தியானா சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நினைவிழந்து கிடக்கும் நாளில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்பே மருத்துவ உயிலாக எழுதி வைக்கலாம் என்பது அவர் வாதம். 1976இல் கலிஃபோர்னியா அதைச் சட்டமாக்கியது. இந்தியருக்கு அந்த உரிமை கிடைக்க 2018 ஆயிற்று.

இங்கே உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தற்கொலை வழக்குகளின் வழியாகவே எதிர்கொண்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு செல்லாது என்று 1994இல் பி. ரத்தினம் வழக்கில் தீர்ப்பானது. இரண்டே ஆண்டுகளில் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினர்: வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது. ஆனால் கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான முடிவு வரை நீளும் என்றும் அதே தீர்ப்பு சொல்லி வைத்தது. பின்னால் வந்த வாதங்களுக்கெல்லாம் அதுவே பிடிமானம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து படுக்கையில் வீழ்ந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அனுமதித்தால் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்று பொதுவிதி பிறந்தது. விரானியின் மனுவோ தள்ளுபடியானது. அருணாவுக்காகப் பேசும் தகுதி, அவரைப் பல்லாண்டுகள் பேணிய மருத்துவமனை ஊழியருக்கே உண்டு என்றது நீதிமன்றம். அவர்கள் மறுத்தனர். அருணாவின் விருப்பம் என்ன? தாக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. அந்த வயதில் யார்தான் இதையெல்லாம் எழுதி வைப்பார்கள்? 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

அப்படி எழுதி வைக்கும் உரிமை கோரி காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு 2005இலேயே தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு மருத்துவ உயிலை ஏற்றது. கூடவே ஒரு நெடும்பாதையையும் வகுத்தது. இரு சாட்சிகளோடு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரும் உயிலில் கையொப்பமிட வேண்டியிருந்தது. நோயாளி மீள மாட்டார் என்ற நிலையில், 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் கொண்ட குழு ஒன்று, பிறகு ஆட்சியர் அமைக்கும் குழு, கடைசியில் நடுவரே நேரில் வந்து பார்ப்பது. சொத்துக்காக முதியவரின் மூச்சை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமே இத்தனைக்கும் காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நேரம் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஆட்சியர் அலுவலகக் கோப்பு அப்படி ஓடாது.

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் இந்தியச் சங்கம் மீண்டும் நீதிமன்றம் சென்றது. 2023 ஜனவரியில் விதிகள் தளர்ந்தன. நடுவருக்குப் பதில் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும். நிபுணருக்கு 5 ஆண்டு அனுபவம் போதும். இரண்டாவது குழுவையும் மருத்துவமனையே அமைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் அதில் இருப்பார். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் மட்டும் போகும்.

உயிலின் பிரதியை உள்ளாட்சி அமைப்பின் அலுவலர் ஒருவர் பாதுகாக்க வேண்டும் என்பதும் விதி. அந்த அலுவலர் யார் என்று கேட்டு மும்பை மருத்துவர் நிகில் தாதர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அதன் பிறகே மகாராஷ்டிரத்தில் பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டனர். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இது குறித்த தன் சுற்றறிக்கையை வெளியிட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை மட்டுமே இந்த வழிகாட்டல்கள் என்று 2018 தீர்ப்பு குறிப்பிட்டிருந்தது.