வேலூரில் தெரிந்த நோய், 51 வருடம் காத்திருந்த ஊசி

1/ கொஞ்சம் நீளமான இழை. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமா படிங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி நம்ம பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்கிற கதை.

2/ சின்னாளப்பட்டியில் இருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாதாரண சளிதான். மகன் குடும்பம் இருப்பது விருத்தாசலம் பக்கம், லீவுக்கு வந்திருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு சேர்த்து ஜேஇ ஊசி முதல் டோஸ் போட்டிருக்கு. இப்போ ஒன்றரை வயசு. இரண்டாவது டோஸுக்கு நேரம். ஆனால் பாட்டி வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

3/ "ஏன் பாட்டி?" என்று கேட்டேன். "எங்க பிள்ளைக காலத்துல இப்படி ஒரு ஊசியே கிடையாதே தம்பி. வாட்ஸப்புல என்னென்னமோ வருது. இது சோதனை ஊசியா?"

நியாயமான கேள்வி. கோபப்பட இதில் எதுவுமில்லை. ஆனால் இரண்டு நிமிசத்தில் பதில் சொல்லிவிடவும் முடியாது. அதனால்தான் இந்த இழை.

4/ முதலில் நோய். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். டெங்கு வைரஸுக்குப் பங்காளி. ஆனால் பரப்புவது டெங்குவின் ஏடிஸ் கொசு இல்லை, வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் வகைக் கொசு. பகலில் கடிக்காது. பொழுது சாய்ந்ததும் மாட்டையும் பன்றியையும் தேடிப் போகும், நடுவில் மனிதரையும் கடிக்கும்.

5/ வைரஸின் நிரந்தர வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். பன்றியின் உடம்பில் அது மளமளவென்று பெருகும். மாட்டில் அப்படிப் பெருகாது. மனிதன் அதற்கு முட்டுச்சந்து. நம் ரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் சேராது. அதனால் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

6/ தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோய் வரும். ஆனால் வந்துவிட்டால் காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு. 100 பேரில் 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கை கால் முடக்கம், பேச்சு இழப்பு, வலிப்பு, படிப்பு ஏறாமை என்று ஆயுளுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கும்.

7/ பெயர் ஏன் ஜப்பான்? 1924-ல் அங்கே பெரிய கொள்ளைநோயாக வந்தது. 6,000 பேருக்கு மேல் பாதிப்பு, பாதிக்கு மேற்பட்டோர் மரணம். 1935-ல் டோக்கியோவில் இறந்த ஒரு நோயாளியின் மூளையில் இருந்து வைரஸைப் பிரித்தார்கள். நாகயாமா வகை என்று அதற்குப் பெயர்.

8/ இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது எங்கே தெரியுமா? நம்ம வேலூரில். அன்றைய சென்னை மாநிலம், வட ஆற்காடு மாவட்டம். 1955-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மூளைக்காய்ச்சல் குழந்தைகளை வெப், பெரைரா என்ற மருத்துவர்கள் கவனித்தார்கள். இது வழக்கமான மூளைக்காய்ச்சல் மாதிரி இல்லை, பூச்சி பரப்பும் வைரஸாக இருக்கணும் என்று சந்தேகப்பட்டார்கள்.

9/ புனேயில் 1952-ல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்ஃபோர்ட் வொர்க், கீர்த்தி ஷா இருவரும் ரத்தப் பரிசோதனை மூலம் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று உறுதி செய்தார்கள். 1958-ல் வேலூர் நோயாளி ஒருவரின் மூளையில் இருந்தே வைரஸைப் பிரித்தார்கள். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அந்த வேலூர் வைரஸுக்கு ஒரு எண் உண்டு: பி20778.

10/ அடுத்து வயல். வேலூரில் கொசு ஆய்வு செய்தவர்களில் ஒருவர் ரேச்சல் ரூபன். பிற்பாடு மதுரையில் 1985-ல் வந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை நடத்தியவர். இங்கே காந்திகிராமத்தில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அந்த மையம் விருத்தாசலம் வட்டாரக் கிராமங்களில் வருடக்கணக்கில் கொசு பிடித்து, பள்ளிக் குழந்தைகளின் ரத்தம் எடுத்துப் பார்த்தது. நோயே தெரியாமல் தொற்று வந்து போன பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆமாம், பாட்டியின் பேரன் வளர்கிற அதே வட்டாரம்.

11/ வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவை வயலில் போட்டால், தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு குறைகிறது என்றும் மதுரைக்காரர்கள் காட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் நெல் விளைகிற ஊரில் வயல் கொசு ஒன்றுகூட இல்லாமல் செய்ய யாராலும் முடியாது.

12/ சரி, நோய் வந்த பிறகு மருந்து? இதுதான் இந்தக் கதையின் வலி. ஒன்று ஒன்றாக ஆய்வு செய்து பார்த்தார்கள். ஆய்வு என்றால் முறையான ஆய்வு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஒப்பீட்டு மருந்து. கவனிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி. முடிவில் எண்ணிப் பார்ப்பது.

13/ மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. தாய்லாந்தில் 65 நோயாளிகள், 1992-ல் முடிவு வெளியானது. பலன் இல்லை.

அடுத்து இன்டர்ஃபெரான். ஓரிரு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது "பிழைத்தார்கள்" என்று பெரிய நம்பிக்கை. வியட்நாமில் குழந்தைகளிடம் முறையாக ஆய்வு செய்தார்கள், 2003-ல் வெளியானது. மருந்து வாங்கிய குழந்தைகளுக்கும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

14/ ரிபாவிரின். லக்னோவில் 153 குழந்தைகள், 2009. பலன் இல்லை.

மினோசைக்ளின். அதே லக்னோ, 281 நோயாளிகள், 2016. முதல் நாளைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் நல்லது செய்வது போலத் தெரிந்தது. ஆனால் அடித்துச் சொல்கிற அளவுக்கு இல்லை.

15/ ஏன் இப்படி? குழந்தைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போதே வைரஸ் மூளைக்குள் புகுந்து நாசம் செய்து முடித்திருக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துகிற கதை. மூச்சு, சர்க்கரை, வலிப்பு, மூளை அழுத்தம் இதையெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது.

16/ இங்கே ஒரு எச்சரிக்கை. "மருந்தே இல்லையாமே" என்று யாரும் வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீங்க. மூளைக்காய்ச்சல் எல்லாமே இந்த வைரஸ் இல்லை. உண்ணிப்பூச்சிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸும் மூளையைத் தாக்கும். அதற்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் மருந்து இருக்கு. காய்ச்சலோடு வலிப்போ குழப்பமோ வந்தால் அந்த நிமிசமே ஆஸ்பத்திரி.

17/ இப்போ ஊசிக்கு வருவோம். சுண்டெலியின் மூளையில் வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து செய்த தடுப்பூசி 1954-லேயே ஜப்பானில் உரிமம் பெற்றது. அது உண்மையில் தடுக்கிறதா? அதைச் சோதித்தவர்கள் தாய்லாந்துக் குழந்தைகள். கம்பேங்பெட் மாகாணம், 65,224 குழந்தைகள். ஒப்பீட்டுக்கு இருந்த குழந்தைகளுக்கு வெறும் தண்ணீர் ஊசி போடவில்லை, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பயன் இருக்கட்டும் என்று.

18/ 1988-ல் முடிவு வந்தது. தடுப்பூசி இல்லாத குழுவில் லட்சத்துக்கு 51 பேருக்கு நோய். போட்ட குழுக்களில் லட்சத்துக்கு 5. அதாவது 91 சதவீதப் பாதுகாப்பு. எந்த மருந்தாலும் முடியாததை ஒரு ஊசி செய்தது.

19/ அப்புறம் ஏன் நமக்கு வரவில்லை? எலி மூளையில் செய்வதால் அளவாகத்தான் தயாரிக்க முடியும். மூன்று டோஸ் வேணும், பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர். கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் நாமும் தயாரித்தோம். ஆனால் நாடு முழுக்க நோய் இருக்கும் மாவட்டங்களுக்குக் கொடுக்கிற அளவுக்கு அது வரவேயில்லை.

20/ இன்னொரு பக்கம் சீனா. 1954-ல் சியான் நகரில் பிடித்த கொசுக்களில் இருந்து ஒரு வைரஸ். யூ யோங்சின் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் அதை ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் சிறுநீரகச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். நோய் தராது, எதிர்ப்பு மட்டும் தரும். எஸ்ஏ 14-14-2 என்று பெயர். 1988-ல் சீனாவில் உரிமம். விலையும் குறைவு.

21/ 1999-ல் நேபாளத்தின் தராய் பகுதியில் நோய்க்காலத்துக்குச் சற்று முன்பு இதில் ஒரே ஒரு டோஸ் போட்டார்கள். பிறகு நோய் வந்த 20 குழந்தைகளைப் பார்த்தால், ஒருவர்கூட ஊசி போட்டவர் இல்லை. அதே கிராமங்களில் நோய் வராத, அதே வயதுக் குழந்தைகள் 557 பேரில் 326 பேர் ஊசி போட்டவர்கள். கணக்குப் போட்டால் 99 சதவீதப் பாதுகாப்பு. 2001-ல் இது வெளியானது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்ம உத்தரப்பிரதேசம்.

22/ 2005. அதே எல்லையோரம், கோரக்பூர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பத்துக் குழந்தைகள். ஒரு கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகள் படுத்திருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அதற்குப் பிறகுதான் நாடு அசைந்தது. 2006-ல் உத்தரப்பிரதேசம், அஸ்ஸாம், மேற்கு வங்கம், கர்நாடகம் என 4 மாநிலங்களில் 11 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர் போன்ற நோய் உள்ள மாவட்டங்களுக்கு அதற்கு அடுத்துத்தான்.

23/ 1955 வேலூர். 2006 முதல் பெரிய தடுப்பூசி முகாம். நடுவில் 51 வருடம். விஞ்ஞானத்துக்குத் தெரியாமல் போன காலம் இல்லை இது. 1988-ல் இருந்தாவது தெரியும். பிள்ளைகள் வயல் ஓரக் குடிசைகளில் இருந்தார்கள், அவர்களுக்காகச் சத்தம் போட ஆள் இல்லை. எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது இதுதான்.

24/ இதன் பிறகு 2013-ல் அரசு அட்டவணையில் இரண்டு டோஸ் ஆனது: ஒன்பதாம் மாதம் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. அதே வருடம் நம் நாட்டுத் தடுப்பூசியும் வந்தது. 1981-ல் கர்நாடகத்தின் கோலாரில் எடுத்த வைரஸில் இருந்து, புனே வைராலஜி நிறுவனமும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக்கும் சேர்ந்து செய்த ஜென்வாக்.

25/ "அப்போ டெங்குவுக்கு ஏன் இன்னும் ஊசி வரலை டாக்டர்?" என்று கேட்பீங்க. டெங்குவில் நான்கு வகை. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால், அடுத்த வகை வரும்போது அந்த எதிர்ப்பே நோயை மோசமாக்கலாம். பிலிப்பைன்ஸில் 2016-ல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்கு ஊசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017-ல் தெரிந்ததும் நிறுத்தினார்கள்.

26/ இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கு. அந்தத் தவறைக் கண்டுபிடித்ததும் ஆய்வுதான், தொடர்ந்து கண்காணித்ததால்தான். இந்தியாவில் டெங்கிஆல் என்ற ஊசிக்கு 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கியது. 10,335 பெரியவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் இரண்டு வருடம் பின்தொடர்வது என்பது அப்போதைய திட்டம். தாமதம் எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தத் தாமதம் அவசியமானது. 51 வருடத் தாமதம் அப்படி இல்லை.

27/ பாட்டிக்கு என்ன சொன்னேன்? "ஆமா பாட்டி, சோதனை ஊசிதான். எங்கேயோ ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பெத்தவங்க சம்மதிச்சு, சோதிச்சு முடிச்ச ஊசி. சோதிக்காத மருந்துக்குத்தான் நாம பயப்படணும்."

28/ "எல்லாரும் போட்டுட்டாங்கல்ல, இவனுக்கு ஒருத்தனுக்கு விட்டா என்ன?" என்று அடுத்த கேள்வி. அஞ்சாவது பதிவில் ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். தட்டம்மை மனிதரிடம் இருந்து மனிதருக்கு வருவது, ஊர் முழுக்க ஊசி போட்டால் போடாத குழந்தைக்கும் ஓரளவு காவல். இந்த நோய் கொக்கிடம் இருந்தும் பன்றியிடம் இருந்தும் வருவது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்ட ஊசி நம்ம பிள்ளையைக் காப்பாற்றாது.

29/ பாட்டி கொஞ்ச நேரம் பேரனையே பார்த்துக்கொண்டு இருந்தார். "ஊருக்குப் போனதும் போடச் சொல்றேன் தம்பி" என்றார். அட்டையில் தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

30/ இந்த ஊசி எல்லா மாவட்டத்திலும் அட்டவணையில் இல்லை, நோய் உள்ள மாவட்டங்களில் மட்டும்தான். உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் டோஸோடு நிறுத்தியவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்க. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றைக்கே ஒருமுறை அட்டையை எடுத்துப் பாருங்க.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.